மதலைமுத்துவுக்கு அனுமதி உண்டு

சனிக்கிழமை சாயங்காலம் மாம்பழக்கூழ் ஆலையில் எல்லோரும் கிளம்பிய பிறகும், சர்வரில் ஒருவர் மட்டும் உள்ளே இருப்பதாகக் காட்டியது. மதலைமுத்து. அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மோனிஷா முதலில் பயப்படவில்லை. சூப்பர்வைசராக இருந்தவர் என்பதால் அவருடைய லாகினுக்கு எல்லா ஃபோல்டரும் திறக்கும். தனித்தனியாக அனுமதி கேட்கச் சோம்பல்பட்டு மொத்த ஆபீசும் அவர் பெயரிலேயே நுழைந்து பழகிவிட்டது. செத்தவர் பெயரில் சம்பளம் வாங்கினால் கேஸ், லாகின் பண்ணினால் வசதி. யாரோ கம்ப்யூட்டரை அணைக்காமல் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

மேனேஜர் பிரபாகர் போனில் கூப்பிட்டார். "திங்கக்கெழம ஆடிட்டுங்க மோனிஷா. அந்த மனுசன் பேரு எதுலயும் இருக்கக் கூடாது. எடுத்துருங்க."

"எடுத்துடறேங்க சார்."

சீக்கிரம் முடித்தால் இருட்டுவதற்குள் காரிமங்கலம் பஸ்ஸைப் பிடிக்கலாம். மகளுக்குக் காலையிலிருந்து காய்ச்சல். கணவன் பிரவீன் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தான், அவள் மனசெல்லாம் அங்கேதான் இருந்தது.

லோடிங் ஃபோல்டரிலிருந்து மதலைமுத்துவின் பெயரை எடுத்தாள். சீசன் முடிந்தும் சுவரை விட்டுப் போகாத புளித்த மாம்பழ வாடைக்கும், மங்கிய ட்யூப்லைட்டின் ரீங்காரத்துக்கும், தூரத்தில் ஹைவேயில் முனகிப் போகும் லாரிகளுக்கும் நடுவே, கோடியிலிருந்த லோடிங் ரூமின் ஷட்டர் தடதடவென்று இறங்குவது கேட்டது. காற்றாக இருக்கும். லேப் ஃபோல்டரிலிருந்து எடுத்தாள். லேப் கதவு சாத்திக்கொண்டது. பிறகு வராந்தாவில் ரப்பர் செருப்பின் சத்தம், அவசரமில்லாமல், நின்று நின்று வந்தது.

நிர்வாகம் ஃபோல்டரிலிருந்து எடுத்தாள். பக்கத்து மேனேஜர் அறைக் கதவு அடைத்துக்கொண்டது.

அப்போதுதான் உறைத்தது. ஃபோல்டர் ஃபோல்டராக எடுக்க எடுக்க, அவரை ஒவ்வொரு அறையிலிருந்தும் வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறாள். மிச்சம் ஒன்றுதான். சர்வர் அறை. அவள் உட்கார்ந்திருக்கும் அறை.

லோடிங் ஃபோல்டரை அவருக்கே திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள். 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது திரை. சர்வரிலிருந்து அவர் பெயரை எடுக்கவும் விடவில்லை. அவளுடைய அதிகாரமே அவர் பெயர் வழியாக வந்ததுதான். அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர்தான் போட்டுக் கொடுத்திருந்தார்.

செருப்புச் சத்தம் வாசலில் நின்றது.

உள்ளே வந்தது.

நாற்காலிக்குப் பின்னால் ஈரமண் வாடை. கழுத்தில் குளிர். திரும்ப முடியவில்லை.

"போயிடுங்கண்ணா," என்றாள்.

போக அவருக்கு வேறு இடமில்லை.

அவள் வசம் இருந்தது அவளுடைய சொந்த ஃபோல்டர் ஒன்றுதான். மகளின் படங்களை அதில் போட்டு வைத்திருந்தாள். 'வீடு' என்று பெயர். பயம் யோசிக்க விடவில்லை. அவர் பெயரைச் சேர்த்தாள்.

குளிர் விலகியது. அறை காலியானது. மோனிஷா மேஜையில் தலை வைத்து அழுதாள்.

போன் அடித்தது. பிரவீன்.

"வூட்டுக்கு எப்ப வந்த நீ? நான் கஞ்சி காய்ச்சிட்டு வர்றதுக்குள்ள பாப்பா இருக்கற ரூம்ல தாழ்ப்பாள் போட்டுக்கிட்ட. கூப்பிட்டா பேச மாட்டேங்கற. கதவத் தொற மோனிஷா."

அவர் பெயரை எடுக்கப் போனாள். 'வீடு' ஃபோல்டருக்கு அனுமதி உள்ளவர்களில் மதலைமுத்து இருந்தார். அவள் பெயர் இல்லை.

போனில் பிரவீன் கதவை இடித்துக்கொண்டிருந்தான். உள்ளே மகள் வீறிட்டு அழுதாள். பிறகு யாரோ அவளை மெல்லத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது.

அழுகை நின்றது.