நாற்காலியை விட்டு எழுந்த நிலைச் சொத்து

சொத்தளவி மின்மாற்றிகளை எண்ணி முடித்துவிட்டுக் கணக்குப் பிரிவுக்குள் மிதந்து வந்து, தலைமைக் கணக்காளர் கோமதிநாயகத்தின் நெற்றியில் ஒரு வில்லையை ஒட்டியது. ‘நிலைச் சொத்து. வகை: அறைகலன் (மேசை, நாற்காலி).’

பொருநை மின்வழங்கல் நிறுவனத்துக்கு அந்தக் கருவியை வாங்கிப் போட்டவரே அவர்தான். தேங்காய் அளவு இருக்கும். எந்தப் பொருளையும் ஒரு பார்வை பார்த்து, வயதென்ன, இன்னும் எத்தனை காலம் உழைக்கும், என்ன விலை பெறும் என்று சொல்லிவிடும். சொன்னது சொன்னதுதான், மனிதர் திருத்த முடியாது. வருடக்கணக்கில் இடம்பெயராமல் நிறுவனத்துக்கு உழைக்கும் எதுவும் நிலைச் சொத்து என்பது அதன் விதி. கோமதிநாயகம் வேலைக்குச் சேர்ந்த அன்று உட்கார்ந்தவர். காப்பியும் மேசைக்கே வரும். கருவியைக் குறை சொல்ல வழியில்லை.

முதல் வருடம் அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. கணக்குப் பிரிவு மொத்தமும் சொத்தாகிவிட்டதால், படுத்துக் கிடந்த நிறுவனம் எழுந்து உட்கார்ந்தது. ஆண்டறிக்கையில் நீராவிச் சுழலிக்கும் கொதிகலனுக்கும் நடுவே அவர் படம் வந்தது.

இரண்டாம் வருடம் தேய்மானம் கழித்தார்கள். மூன்றாம் வருடம் கோமதிநாயகம் ஒரு ரூபாயில் வந்து நின்றார். மதிப்புத் தேய்ந்த சொத்தை ஏலம் விடுவதுதான் முறை. பேட்டையிலிருந்து பழைய இரும்பு வியாபாரி வந்து, அவர் கையைத் தூக்கி எடை பார்த்துவிட்டுப் போனார்.

பராமரிப்புப் பொறியாளர் உலகம்மை எட்டிப் பார்த்தாள். “என்ன அண்ணாச்சி, வெள்ளிக்கிழம ஏலமாம்லா?”

“சிரிக்காத தாயி. முழுசா எடுக்கணுமா, ஒடச்சு எடுக்கலாமான்னு கேட்டுட்டுப் போறான்.”

“பெயிண்டு அடிச்சுப் பாப்பமா? ரெண்டு மின்மாத்தி அப்பிடித்தான் தப்பிச்சுது.”

“உயிரு போகுது எனக்கு. ஒனக்குக் கேலி!”

“அப்ப எந்திரிச்சு நடங்க. அசையாம இருந்தாத்தான நிலைச் சொத்து?”

கோமதிநாயகம் எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. உலகம்மை இழுத்துப் பிரித்து விட்டாள். அதன்பிறகு அவர் நிற்கவில்லை. நடந்தபடி கையெழுத்துப் போட்டார், நடந்தபடி சாப்பிட்டார், நடந்தபடியே தூங்கி இரண்டு முறை கொதிகலன் அறை வரை போய்வந்தார். தொந்தி கரைந்துபோனதில் ஆளை அடையாளம் தெரியாமல், வீட்டில் கதவைத் திறந்த மனைவி, “ஐயா வெளியூரு போயிருக்காக” என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஏலத்தன்று சொத்தளவி தாழ்வாரம் நெடுக அவர் கூடவே மிதந்து வந்தது. மேலும் கீழும் பார்த்தது. நெற்றி வில்லையைத் தானே உரித்தது.

“நிலைச் சொத்து இல்லை” என்றது.

“பாத்தியா தாயி! பொழச்சேன்!”

“நடக்கிறது” என்று சொல்லி, கருவி வேறொரு வில்லையை ஒட்டியது. உலகம்மை எக்கி வாசித்தாள். ‘நடப்புச் சொத்து.’

கோமதிநாயகத்தின் கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டன. நடப்புச் சொத்தை ஓராண்டுக்குள் விற்றுக் காசாக்கியே தீர வேண்டும். அந்தக் கட்டடத்தில் அவரைவிட அதை நன்றாக அறிந்தவர் எவருமில்லை. நடையில் உடம்பு தேறியிருந்ததால் விலையும் நன்றாகத்தான் போட்டிருந்தது.

“நிக்காதிய அண்ணாச்சி! நின்னா இரும்புக்காரன் இன்னைக்கே தூக்கிருவான்.”

“நடந்தா?”

“நடந்தா ஒரு வருசம் இருக்குல்லா.”