வசந்தாவின் முப்பத்தாறு படங்கள்

விரலை எடுத்த பிறகுதான் சத்தம் கேட்டது.

மாலா மறுபடி அழுத்தினாள். பட்டன் உள்ளே போய் வெளியே வந்தது. கேமராவை முகத்திலிருந்து இறக்கினாள். அப்புறம்தான், உள்ளே யாரோ யோசித்து முடித்ததுபோல, ‘டக்’.

பழசு, அப்படித்தான் இருக்கும்.

சாரம் பகுதியில் கமலக்கண்ணனின் ஸ்டுடியோ. டிஜிட்டலுக்கு மாறப்போகிறவர், இரண்டு பிலிம் கேமராக்களை விற்க எடுத்து வைத்திருந்தார். ஒன்றின் லென்ஸில் பூஞ்சை. இன்னொன்று, அவள் கையில் இருந்தது, புதுசுபோல் சுத்தம்.

"அத வெச்சிடும்மா. இத எடுத்துக்க. பூஞ்ச தொடச்சா போயிடும்."

"ஏன் சார்?"

அவர் பிடரியைச் சொறிந்தார். "அது சாவு வீட்டுக்கு வெச்சிருந்தது. நாற்காலியில உக்கார வெச்சி கடைசியா ஒரு படம் எடுப்பாங்கல்ல, அதுக்கு மட்டும். உசுரோட இருக்கற யாரையும் நான் இதுல எடுத்ததில்ல."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. இந்தக் குரலைக் கேட்டே வளர்ந்தவள். அப்பா மூட்டை தூக்குகிறவர் என்று தெரிந்ததும் வீடு காலியில்லை என்ற குரல். காலேஜில் கடைசி பெஞ்சைக் காட்டிய குரல். நல்லதை எவனுக்கோ ஒதுக்கி வைத்துக்கொண்டு அவளுக்குப் பூஞ்சை. கூடவே ஒரு பேய்க்கதை.

"எங்க வீட்டுல மொத டிகிரி நான். எங்களுக்குன்னா ஓட்ட ஒடசல்தான் தருவீங்களா?"

அவர் முகம் சுண்டிப்போனது.  அவள் கையிலிருந்ததையே பையில் போட்டுக் கொடுத்தார்.

ஒரு மாலைப் பத்திரிகையில் படம் எடுக்கும் வேலைக்குச் சொந்தக் கேமராவோடு திங்கட்கிழமை வரச்சொல்லியிருந்தார்கள். அதற்குள் கை பழகணும். ஞாயிறு காலை ரெட்டியார்பாளையம் வீட்டு வாசலில் அம்மா வசந்தா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் படம் இல்லாதவள்.

"இந்த மூஞ்சியப் போயி எடுக்கறியே, பிலிமு தாங்குமாடி?"

"சிரிம்மா."

"பல்லு ஒண்ணு விழுந்துடிச்சே, தெரியுமா?"

சுருளில் இருந்த முப்பத்தாறு படத்தையும் அம்மாவையே எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் சத்தம் இன்னும் பிந்தியது. கடைசிப் படத்தை எடுத்து, கேமராவை அலமாரியில் வைத்துவிட்டு அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அலமாரிக்குள்ளிருந்து கேட்டது, ‘டக்’.

அன்றைக்கே கமலக்கண்ணனிடம் கேட்டு அவருடைய இருட்டறையில் பிலிமைக் கழுவிக் காயவைத்து, சாயங்காலம் முழுச் சுருளையும் ஒரே தாளில் பதித்தாள். சிவப்பு விளக்கு, தொண்டையில் போய் ஒட்டும் புளித்த மருந்து நெடி, எங்கோ சொட்டிக்கொண்டே இருந்த குழாய். தெருவில் போன பஸ்ஸின் ஹார்ன்கூடக் கிணற்றுக்கடியிலிருந்து வருவதுபோல மங்கிக் கேட்டது. தட்டிலிருந்த தாள்மேல் அம்மா சின்னச் சின்னக் கட்டங்களாக எழும்பி வந்தாள்.

முதல் மூன்றில் சிரிப்பு. நாலாவதில் கண் மூடியிருந்தது. சிமிட்டியிருப்பாள். ஐந்தாவதிலும் மூடித்தான் இருந்தது. ஆறாவதிலும்.

பன்னிரண்டாவதில் வாயும் மூடியிருந்தது. மோவாயிலிருந்து உச்சந்தலைக்கு ஒரு வெள்ளைத் துணி, இறுக்கிய முடிச்சு.

இருபதாவதில் கீரை இல்லை. வாசல் இல்லை. மர நாற்காலி. அம்மாவைத் துண்டால் அதோடு கட்டியிருந்தார்கள். மூக்கில் பஞ்சு. நெற்றியில் காசு.

அதற்குமேல் அவள் பார்க்கவில்லை.

"சார்!"

கமலக்கண்ணன் வந்தார், பார்த்தார், அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எரிச்சிட்டா சரியாயிடுமா? சொல்லுங்க சார், என்னா பண்ணணும்?"

"தெரியாதும்மா. உசுரோட இருக்கறவங்கள நான் எடுத்ததே இல்லியே."

வீட்டுக்குப் போகும் விழுப்புரம் ரோட்டில் அவள் மொபெட் எப்படிப் போனது என்று அவளுக்கே தெரியாது. வீட்டில் விளக்கு எரிந்தது. கீரை தாளித்த வாசம். அடுப்பங்கரையில் அம்மா, முதுகைக் காட்டிக்கொண்டு, கரண்டியால் கிண்டிக்கொண்டு. உயிரோடு. மாலா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"வந்துட்டியா? ஏன்டி இப்டி மூச்சு வாங்குது?"

திரும்பினாள். கண் மூடியிருந்தது.

"அம்மா. கண்ணத் தொற."

"தொறந்துதான்டி இருக்கேன். பச்ச சுடிதார்ல நிக்கற. துப்பட்டா தரையில இழுபடுது பாரு."

துப்பட்டா தரையில்தான் இழுபட்டது. மாலா கட்டைவிரலால் இமையைத் தூக்கிப் பார்த்தாள். வரவில்லை. ஒரே தோலாக இருந்தது.

"விடுடி, கூசுது."

இது நாலாவது படம். பன்னிரண்டாவது எது என்று அவளுக்குத் தெரியும்.

வாய் மூடிவிடாதபடி அம்மாவின் மோவாயை இரண்டு கையாலும் பிடித்து, கீழே இழுத்துப் பிடித்தாள். முழு பலத்தோடு. தாடை மெதுவாக ஏறியது. சில்லென்று. அவள் விரல்களை ஒதுக்கிக்கொண்டு ஏறியது. துணியே இல்லாமல், துணி இறுக்கிய தடம் மட்டும் கன்னத்தில் பதிந்து காதுவரை போனது. உதடு ஒட்டிக்கொண்டது. பல் தெரியவில்லை.

"அம்மா..."

மூடிய வாய் அசையவேயில்லை. அதற்குள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது, எப்போதும்போல, அன்பாக.

"பசிக்குதா? உக்காரு, சோறு போடறேன்."