சின்னவன் பேசிக்கொண்டிருக்கிறான்

“அக்கா, மழை வர்ற மாதிரி இருக்கு. ஜன்னல சாத்திடவா?”

தம்பி அனுப்பியிருந்த குரல்பதிவு அவ்வளவுதான். ஆனால் அவன் குரலுக்குப் பின்னால் ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் எதிலோ உரசி ‘டிக்’ என்றது. அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு திரும்பவும் போட்டுக் கேட்டாள். இந்த விசிறியை அவளுக்குத் தெரியும். அவள் வீட்டுப் பின்னறையில் இருப்பது.

கேட்பதுதான் அவளுக்கு வேலை. ஒரு நிறுவனத்துக்கு வாடிக்கையாளர்கள் போன் செய்து திட்டுவது, கெஞ்சுவது, அழுவது எல்லாம் பதிவாகி அவளிடம் வரும். எந்த இடத்தில் குரல் உடைகிறது, எந்த இடத்தில் கோபம் ஏறுகிறது என்று அவள் குறிக்க வேண்டும். காலையில் மாட்டும் ஹெட்போனைப் படுக்கும்போதுதான் கழற்றுவாள். இதற்கு நடுவில் கைப்பேசி வேறு. அலுவலகக் குழு, குடியிருப்புக் குழு, சொந்தக்காரர்கள் குழு, யாரோ யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து. தலை வெடித்துவிடும் போலிருந்த ஒரு நாளில் எல்லாவற்றையும் ஒரேயடியாக வாயடைத்து வைத்தாள். தம்பியையும்தான். சோப்பு வாங்கப் போன கதையை அந்தச் சோப்பு கரைகிறவரைக்கும் சொல்லுவான் அவன். அதை யார் உட்கார்ந்து கேட்பது?

இன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானத்திலிருந்து மழை கொட்டியதில் கட்டடம் முழுக்க இணையம் போய்விட்டது; கைப்பேசியில் மட்டும் கொஞ்சம் சிக்னல் இருந்தது. வேலை இல்லை. காதுக்குள் யாரும் பேசாதபோது வீடு ரொம்பப் பெரிதாக இருந்தது; ஈரச் சுவரின் மக்கல் வாசனை கூடத்தில் மெல்லப் பரவ, இருட்டிக்கொண்டு வந்த சாயங்காலம் ஜன்னல் வழியாக நாற்காலி நாற்காலியாகத் தொட்டுக்கொண்டு உள்ளே வந்தது. கை பரபரத்தது. அப்போதுதான் கைப்பேசியில் தம்பியின் பெயருக்குக் கீழே கேட்காமல் குவிந்து கிடந்த பதிவுகளைப் பார்த்தாள். பாவம், கேட்டுத்தான் வைப்போமே என்று விரல் பட்ட கடைசிப் பதிவைப் போட்டாள். அதில்தான் அந்த டிக்.

திரையை மேலே தள்ளி முதல் பதிவிலிருந்து கேட்க ஆரம்பித்தாள்.

“அக்கா, நான்தான். இந்த வீட்ல இருக்க முடியல. எம்பொண்டாட்டி சாமானையெல்லாம் எடுத்துட்டுப் போனதுக்கப்புறம், தும்மினாக்கூட எதிரொலிக்குது. கொஞ்ச நாள் உன் வீட்டுக்கு வந்து இருக்கட்டுமா? வேணாம்னா வேணாம்னு சொல்லிடு, தப்பா நெனச்சுக்க மாட்டேன்.”

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. எதுவுமே சொல்லவில்லை.

அடுத்தது.

“வந்துட்டேன்க்கா. மணி அடிச்சேன், உனக்குக் கேக்கல போல. எங்கிட்ட இருந்த சாவியப் போட்டுத் தொறந்தேன். ஹெட்போன மாட்டிக்கிட்டு வேலையா இருந்த. கைய ஆட்டினேன், நீயும் தலைய ஆட்டின. முடிச்சுட்டு வா. நான் பின்னறையில இருக்கேன்.”

அவள் சிரித்துவிட்டாள். சின்ன வயதில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு அவள் காலைப் பிடித்து இழுப்பவன்தானே! வம்புக்காரன். ஆனாலும் அந்தத் தலையாட்டல் உறுத்தியது. பதிவுகளைக் கேட்கும்போது அவள் நாள் முழுக்கத் தலையை ஆட்டிக்கொண்டுதான் இருப்பாள், யாருக்கென்று இல்லாமல்.

“சமையலறையில என்னத் தாண்டிப் போன. தோள்ல இடிச்சுட்டுப் போன. ஒரு வார்த்தை பேசல. எம்மேல கோபமாக்கா?”

குரலில் கிண்டல் இல்லை. எத்தனை ஆயிரம் குரல்களைக் கேட்டிருக்கிறாள். நடிக்கிற குரலில் ஒரு மினுமினுப்பு இருக்கும். இதில் அது இல்லை. இது களைத்துப்போன குரல்.

“நேத்து உன் பக்கத்துல நாற்காலியப் போட்டு உக்காந்து பேசினேன். நீ என்னப் பார்த்த மாதிரிதான் இருந்துச்சு. ஆனா பார்க்கல. என்னமோ ஆயிட்டு வருதுக்கா. கடைக்காரன்கூட என்னக் கவனிக்க மாட்டேங்கிறான். இதுல பேசி அனுப்பினா மட்டும் என்னிக்காவது கேப்பல்ல?”

அவள் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள்.

மழை. குளிர்சாதனப் பெட்டியின் முனகல். அதற்கும் அப்பால், கூடத்தைத் தாண்டி, மூடிய கதவுக்குப் பின்னால்.

டிக்.

குளியலறையில் அவள் போவதற்கு முன்பே சோப்பு ஈரமாக இருந்த காலைகள் நினைவுக்கு வந்தன. அணைக்க மறந்த விளக்குகள் அணைந்திருந்தன. நான்தான் செய்திருப்பேன் என்று விட்டுவிட்டிருந்தாள்.

எழுந்தாள். கால் சில்லிட்டது. கூடம் இருண்டிருந்தது. பின்னறைக் கதவின் அடியில் ஒரு கோடு வெளிச்சம்.

கதவைத் தள்ளினாள்.

தம்பி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் தாடி. உதட்டருகே கைப்பேசி. பேசிக்கொண்டிருந்தான். உதடுகள் அசைந்தன. தொண்டை ஏறி இறங்கியது.

சத்தம் இல்லை.

மழை கேட்டது. விசிறி கேட்டது. அவன் மட்டும் கேட்கவில்லை.

“சின்னவா.”

அவன் திரும்பவில்லை.

“டேய்! நான் வந்துட்டேன்டா. இங்க பாருடா!”

நிமிர்ந்தான். வாசலைப் பார்த்தான். அவள் நிற்கும் இடத்தைத்தான். முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு மெல்ல வாடியது. கட்டிலை விட்டு எழுந்து வந்தான். அவள் கையை நீட்டினாள். அவன் தோளில் பட்டது. சட்டைக்குள் எலும்பு தெரிந்தது, சூடு தெரிந்தது. அவன் ஈயை ஓட்டுவது போலத் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டு கைப்பேசியை உதட்டருகே கொண்டுபோனான். ஏதோ சொன்னான். கட்டைவிரலை எடுத்தான்.

அவள் கையிலிருந்த கைப்பேசியில் புதிய பதிவு ஒன்று வந்து விழுந்தது.

ஹெட்போனைக் காதுக்கு ஏற்றினாள். அழுத்தினாள்.

“கதவு தானா தொறந்துச்சுக்கா. நீதான் வந்துட்டியோன்னு நெனச்சேன். யாரும் இல்ல. சரி, நீ வேலையப் பாரு.”

அவள் கத்தினாள். அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அவன் அவள் முகத்துக்கு நேராக வாயைப் பிளந்து கொட்டாவி விட்டான். அவளைத் தாண்டிக் கையை நீட்டினான். விளக்கை அணைத்தான்.