மேலே ஏறும் தண்ணீர்

"அய்யய்யோ! மறுபடியுமா!"

கீழ்வீட்டிலிருந்து வந்த சத்தத்தில் பம்பரம் கையிலிருந்த மக்கைத் தவறவிட்டாள். அதில் மிச்சமிருந்த தண்ணீரும் பால்கனித் தரையில் கொட்டியது. ஓரமாக ஓடி, கம்பிகளுக்கு நடுவே சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கியது.

"இன்னும் வருதே!" என்று மறுபடியும் சத்தம்.

பம்பரம் என்பது அவள் பெயர் இல்லை. ஓர் இடத்தில் நிற்கவே மாட்டாள் என்று அண்ணன் வைத்த பட்டம். சாப்பிடும்போதுகூட மேசைக்கு அடியில் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

பால்கனியில் அவளுடைய தோட்டம் இருந்தது. காசு கொடுத்து வாங்கியது அதில் எதுவுமே இல்லை. சமையலறைத் தக்காளியிலிருந்து எடுத்த விதைகள். அண்ணன் ஆணி அடித்து ஓட்டை போட்டுக் கொடுத்த பழைய பெயின்ட் டப்பாக்கள். மண்ணோடு காய்ந்த இலை, காய்கறித் தோல், வடிகட்டிய தேயிலை. ஒரு செடியில் கோலிக்குண்டு அளவுக்குப் பச்சைத் தக்காளி ஒன்றும் வந்திருந்தது.

அந்தத் தக்காளி வந்ததிலிருந்து பம்பரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. பல் தேய்க்கும் முன் தண்ணீர் ஊற்றுவாள். பள்ளிக்குக் கிளம்பும்போது ஊற்றுவாள். வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் ஊற்றுவாள். செடி குடித்தது போக மீதியெல்லாம் ஓட்டை வழியாக, சேற்று நிறத்தில், கீழே போகும்.

கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு டெய்லர் அக்கா நின்றிருந்தார். கழுத்தில் அளவு நாடா, கையில் ஈரமான வெள்ளைத் துணி. துணியின் ஓரம் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள்.

"என்ன இது? கோலமா?" என்றார்.

பம்பரம் தரையைப் பார்த்தாள். கால் மட்டும் ஆடியது.

"பருத்தித் துணியை அப்படியே வெட்டித் தைக்க முடியாதும்மா. தைச்ச பிறகு சுருங்கிடும். அதனால முதல்ல நனைச்சு, ஜன்னல்ல காயப்போட்டு, அப்புறம்தான் வெட்டுவேன். ஆஸ்பத்திரிக்கு டாக்டர் கோட்டு தைச்சுக் கொடுக்கணும், இந்த வாரக் கடைசியில. புள்ளி போட்ட கோட்டை எந்த டாக்டர் போடுவாரு?"

அம்மா உள்ளேயிருந்து வந்தார். பஸ் ஓட்டும் வேலை அவருக்கு. அப்போதுதான் சீருடையோடு வீட்டுக்குள் நுழைந்திருந்தார். துணியைப் பார்த்தார். பால்கனியைப் பார்த்தார்.

"மன்னிச்சுக்குங்க. இனிமே ஒரு சொட்டு விழாது," என்றார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "கேட்டியா? இன்னொரு தடவை கீழ தண்ணி விழுந்தா, அத்தனை டப்பாவும் வெளியே போயிடும். இதுதான் கடைசி ஸ்டாப்."

பம்பரம் தக்காளியை நினைத்தாள். டெய்லர் அக்காவின் சிவந்த கண்களையும் பார்த்தாள். பாவம், தூங்கியே இருக்க மாட்டார் போலிருந்தது.

"அக்கா, துணியைக் கொடுங்க. நானே துவைச்சுத் தரேன்."

"நீயா?"

"அழுக்கு பண்ணது நான்தானே?"

டெய்லர் அக்கா கொஞ்சம் யோசித்தார். பிறகு துணியை அவள் தோளில் போட்டுவிட்டுப் போனார்.

குளியலறையில் பம்பரம் தேய் தேய் என்று தேய்த்தாள். புள்ளிகள் மங்கின, ஆனால் முழுதாகப் போகவில்லை. வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, சோப்புப் போட்டுத் துணியை ஊறவைத்தாள். ஒரு முனை வாளிக்கு வெளியே தொங்கியது. அதைக் கவனிக்க அவளுக்கு ஏது பொறுமை? செடியைப் பார்க்க ஓடிவிட்டாள்.

திரும்பி வந்தபோது குளியலறை வாசலில் அண்ணன் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான். இன்னொரு காலில் சாக்ஸ் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"தரை முழுக்கத் தண்ணி! எத்தனை மக் கொட்டினே?"

"நான் கொட்டவே இல்ல!"

"அப்ப வாளி தானா எட்டிக் குதிச்சுதா?"

பம்பரம் குனிந்து பார்த்தாள். வாளி சாயவில்லை, உடையவும் இல்லை. ஆனால் வெளியே தொங்கிய துணி முனையிலிருந்து டப், டப் என்று சொட்டிக்கொண்டிருந்தது. வாளியில் தண்ணீர் விளிம்புக்குக் கீழே இருந்தது. துணிதான் அதை உறிஞ்சி, விளிம்புக்கு மேலே ஏற்றி, இந்தப் பக்கம் இறக்கியிருக்கிறது.

"அண்ணா! தண்ணி மேல ஏறுது!"

"ஆமா, மாடிப்படி ஏறிப் போகுது. முதல்ல துடைக்கிற துணியைக் கொண்டு வா."

அவள் தரையைத் துடைத்தாள். துடைத்தபடியே யோசித்தாள். தண்ணீர் துணியைப் பிடித்து மேலே ஏறுமென்றால், செடிக்கு மேலேயிருந்து ஏன் ஊற்ற வேண்டும்?

உடனே செய்து பார்த்தாக வேண்டும். தலையில் கட்டியிருந்த பளபள ரிப்பனை உருவினாள். டப்பாவின் ஓட்டை வழியாக ஒரு குச்சியால் அதை மண்ணுக்குள் தள்ளினாள். ஐஸ்கிரீம் வாங்கிய பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் நிரப்பி, ரிப்பனின் வால் அதில் தொங்குமாறு செடியை மேலே உட்கார வைத்தாள்.

காத்திருந்தாள். அதாவது, பால்கனிக்கும் சமையலறைக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தாள். கடைசியில் ரிப்பனைத் தொட்டுப் பார்த்தால், தண்ணீரில் நனைந்த இடம் தவிர மேலே எல்லாம் காய்ந்தே இருந்தது. வழுவழுவென்ற ரிப்பன் தண்ணீரைக் குடிக்கவே இல்லை.

"உன் தண்ணிக்கு மூச்சு வாங்குது போல," என்றான் அண்ணன்.

பம்பரம் காதில் வாங்கவில்லை. துவைத்த வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டு கீழே ஓடினாள்.

"அக்கா, கறை முழுசாப் போகல. மன்னிச்சுடுங்க."

டெய்லர் அக்கா துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "ஓரம்தானே. நறுக்கிட்டா மிச்சத்துல கோட்டு வந்துடும்."

கத்திரிக்கோல் சரசரவென்று ஓடியது. கறை பட்ட ஓரம் நீளமான நாடாவாகக் கீழே விழுந்தது.

"அக்கா, அதை நான் எடுத்துக்கட்டுமா?"

"குப்பைத்துணிக்குப் போயா கேக்குறே? எடுத்துக்கோ. எதுக்கு?"

"சொட்டாம இருக்கிறதுக்கு!"

மேலே வந்து நாடாவைத் துண்டு துண்டாக வெட்டினாள். ஒவ்வொன்றையும் நனைத்து, திரி போல முறுக்கி, ஒவ்வொரு டப்பாவிலும் அடியிலிருந்து மண்ணுக்குள் ஏற்றினாள். அண்ணனும் வந்து டப்பாவைத் தூக்கிப் பிடித்தான். ஒவ்வொரு பெயின்ட் டப்பாவும் அடியில் வைத்த தண்ணீர் டப்பாவின் வாயை அடைத்துக்கொண்டு அழகாக உட்கார்ந்தது. கொசு நுழையவும் வழியில்லை.

இப்போது ஒரு வேலைதான் பாக்கி. அதுதான் கஷ்டமான வேலை.

பம்பரம் மக்கை எடுத்துக்கொண்டு மறுபடியும் கீழே போனாள்.

"அக்கா, இதை நீங்க வச்சுக்குங்க."

"எதுக்கு?"

"என் கைக்கு எட்டுற இடத்துல இருந்தா நான் ஊத்திடுவேன். எனக்கு என்னைத் தெரியும்."

டெய்லர் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மக்கைக் கத்திரிக்கோல்களுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினார்.

அடுத்த நாள் விடுமுறை. காலையிலிருந்து பம்பரம் பால்கனிக் கதவைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

"கதவு கழண்டு கையோட வரப்போகுது," என்றார் அம்மா.

உச்சி வெயிலில் அந்தப் பயங்கரம் நடந்தது. தக்காளிச் செடியின் இலைகள் தொங்கிப்போயின. மேல் மண் வெளுத்துக் காய்ந்திருந்தது.

பம்பரம் படிகளில் உருண்டு விழாத குறையாக ஓடினாள். "அக்கா! மக்! சீக்கிரம்!"

டெய்லர் அக்கா மிஷினை நிறுத்தவில்லை. "ஆணியில இருக்கு. எடுத்துக்கோ. உன்னோடதுதானே."

பம்பரம் கை நீட்டினாள். அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே புதிதாக நனைத்த வெள்ளைத் துணி, பளிச்சென்று, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. சரியாக அவள் பால்கனிக்குக் கீழே.

நீட்டிய கை அப்படியே நின்றது. கால்கூட ஆடவில்லை.

"முதல்ல ஒண்ணு பாத்துட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு மேலே ஓடினாள்.

மண்ணுக்குள் விரலை விட்டாள். மேலே ஒரே காய்ந்த மண். இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டாள். குளுகுளுவென்று ஈரம்! டப்பாவைத் தூக்கிப் பார்த்தாள். கீழே தண்ணீர் குறைந்திருந்தது. திரி குடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

அப்படியானால் செடிக்குத் தாகம் இல்லை. வெயில்தான் சுடுகிறது.

பழைய படுக்கை விரிப்பு ஒன்றைக் கொடிக்கயிற்றில் போட்டு நிழல் கட்டினாள். அப்புறம் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பது இவ்வளவு களைப்பாக இருக்குமென்று அவளுக்கு இதுவரை தெரியாது. வீட்டிலிருந்த செருப்புகளையெல்லாம் ஜோடி சேர்த்தாள். அண்ணனின் புத்தகங்களை உயரப்படி அடுக்கினாள். அவன் வந்து கத்தியதும் பழையபடி கலைத்தாள்.

சாயங்காலம் வெயில் இறங்கியது. பம்பரம் மெதுவாகப் பால்கனிக்குள் எட்டிப் பார்த்தாள்.

இலைகள் நிமிர்ந்து நின்றன. கீழே ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

"அம்மா! ஸ்டாப் தாண்டியாச்சு!" என்று கத்தினாள்.

கோட்டுகள் ஆஸ்பத்திரிக்குப் போயின, புள்ளியில்லாமல். கோலிக்குண்டு பெரிதாகி, வெளுத்து, ஒருநாள் சிவந்தது. பம்பரம் அதைப் பறித்து, பாதியாக நறுக்கி, ஒரு பாதியை ஏந்திக்கொண்டு கீழே இறங்கினாள்.

டெய்லர் அக்கா தக்காளியை வாயில் போட்டு, கண்ணை மூடித் தின்றார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து, விளிம்பு உடைந்த ஒரு வாளியை வெளியே இழுத்தார்.

"இதுல ஒரு செடி வச்சுத் தர்றியா? எனக்கு ஊத்துறதுக்கு நேரமே இல்ல."

"ஊத்தவே வேணாம்! திரி போட்டுத் தரேன்!"

"சரி, உன் மக்கை எடுத்துட்டுப் போ."

பம்பரம் ஆணியைப் பார்த்தாள். மக்குக்குள் சாக்பீஸ், பென்சில், அளவு நாடா எல்லாம் வசதியாகக் குடியிருந்தன.

"நீங்களே வச்சுக்குங்க அக்கா. எனக்கு இப்ப அது தேவைப்படல," என்று சொல்லி முடிப்பதற்குள், உடைந்த வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாதிப் படி ஏறியிருந்தாள்.