கெய்லின் என்று பேர் வைத்த எலும்புகள்

இயந்திரம் முனகியது.

முனகவே கூடாது. அது எழுப்பும் அதிர்வு மனிதக் காதுக்கு எட்டாதது. நாய்க்கு வேண்டுமானால் கேட்கும். அரிசிக் குருணை அளவு பிளாஸ்டிக்கை அந்தக் கேளாத ஒலியாலேயே நடுக்கி, உருக்கி, அச்சுக்குள் தள்ளும். வெளியே வந்து விழுவது காதுக்குள் பொருத்தும் செயற்கை எலும்பு, எறும்பைவிடச் சின்னது. யோர்லேனி வருடக்கணக்காக இதன் முன்னால்தான் நிற்கிறாள். ஒரு நாளும் அது வாய் திறந்ததில்லை.

"வில்பர், இது சத்தம் போடுதுப்பா."

அச்சு மாட்டும் வில்பர் முகமூடிக்குள் சிரித்தான். "பசிக்குதோ என்னமோ. கேன்டீன்ல சோறும் பீன்ஸும் வாங்கிப் போடு."

கார்த்தாகோ நகரத்தின் பிற்பகல் மழை கூரையை அறைந்துகொண்டிருந்தது. சூடான பிளாஸ்டிக்கின் இனித்த வாடையும், மேசை துடைத்த ஆல்கஹாலின் நெடியும் தொண்டையில் ஒட்டின. இரட்டைக் கண்ணாடிக்கு அப்பால், நடைபாதையில், காவலாளியின் நாற்காலியில் அவள் மகள் கெய்லின் கால் ஆட்டியபடி உட்கார்ந்திருந்தாள். மழைக்காகப் பள்ளியைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். பிறவியிலேயே கேட்காத இடது காதில், இந்த இயந்திரம் வார்த்த எலும்பைத்தான் போன மாதம் வைத்தார்கள். முதன்முதலில் அந்தக் காதால் மழையைக் கேட்டுவிட்டுக் குழந்தை சிரித்தபோது யோர்லேனி தேம்பித் தேம்பி அழுதாள். அந்தக் காது நிலைக்க வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அதற்காகத்தான் வேண்டிக்கொண்டாள். காது குணமானால் மாதா கோயிலில் வெள்ளியில் காது செய்து மாட்டுவது ஊர் வழக்கம். வெள்ளி எதற்கு, நிஜக் காதெலும்பே கையில் இருக்கிறதே என்று நினைத்துவிட்டாள். பழுதாகி விழும் எலும்புகளை உடனே நசுக்க வேண்டும் என்பது ஆலையின் விதி. அவள் நசுக்காமல், மாதாவுக்குக் கொடுக்க ஒரு சின்னப் பெட்டியில் சேர்த்தாள். ஒவ்வொன்றையும் பெட்டியில் போடும்போது "கெய்லின்" என்று பேர் சொல்லிப் போட்டாள். நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிட்டன.

மறுபடி முனகல். இப்போது வார்த்தை தெரிந்தது.

கெய்லின்.

யோர்லேனியின் குரலிலேயே.

தப்பு செய்துவிட்டோம் என்று பட்டது. இடுக்கியை எடுத்தாள். பெட்டியிலிருந்த ஓர் எலும்பை நசுக்கினாள்.

கண்ணாடிக்கு அப்பால் கெய்லின் துள்ளி எழுந்து இடது காதைப் பொத்திக்கொண்டாள்.

இடுக்கி தரையில் விழுந்தது. "ஐயோ! மன்னிச்சிடு கண்ணு, இனிமே தொடமாட்டேன்," என்று பெட்டியைக் கையில் எடுத்து அதற்குள் கிசுகிசுத்தாள். ஈ பறக்கும் சத்தம்கூட நுழையாத அந்தக் கண்ணாடிக்குப் பின்னால், கெய்லின் சரி என்று மெதுவாகத் தலையாட்டினாள்.

"என்ன யோர்லே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" வில்பர் எட்டிப் பார்த்தான். "இரு, நிறுத்திப் பாத்துடுவோம்."

பொத்தானை அழுத்தினான். விளக்கு அணைந்தது. இயந்திரம் அடங்கியது.

முனகல் அடங்கவில்லை.

அது பெட்டியிலிருந்து வந்தது. வெள்ளை எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி நடுங்கின. மெல்லிய குரல்கள். எத்தனையோ குரல்கள்.

"அம்மா."

கண்ணாடிக்கு அப்பால் கெய்லின் உதட்டில் விரல் வைத்தாள். வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கண்ணில் நீர்.

"அம்மா."

பிள்ளை கூப்பிட்டால் எந்தத் தாய்தான் யோசிப்பாள்?

"என்ன கண்ணு?"

பெட்டி அடங்கியது.

நடைபாதையில் கெய்லின் வாயை முழுசாகத் திறந்து கத்தினாள். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணாடியில் அறைந்தாள். பக்கத்திலேயே நின்ற காவலாளி குனிந்தான். அவள் வாயருகே காதைக் கொண்டுபோனான். ஒரு சத்தமும் கேட்காமல் விழித்தான். அவள் கத்திக்கொண்டே இருந்தாள்.

யோர்லேனியின் கைக்குள் பெட்டி கதகதத்தது.

"வீட்டுக்குப் போலாமா அம்மா?" என்றது, கெய்லின் குரலில்.