மூடாம விட்ட திருகு

நான் உங்க வாலு பேசுறேன். வயசு பதினொண்ணு. புது ஊர்ல, மூணாவது மாடி பால்கனியில, காயுற துணிக்கு நடுவுல நிக்கிறேன். நான் சொல்லச் சொல்ல போன் எழுதுது.

எங்க வகுப்புல ஒரு மீன்தொட்டி. உள்ள நிஜச் செடி, பன்னெண்டு குட்டி மீன். செடி செழிப்பா வளர, சிலிண்டர்ல இருந்து கார்பன் டை ஆக்சைடு போகும். வினாடிக்கு ஒரு குமிழி. சாயங்காலம் விளக்கை அணைச்சா, காஸ் திருகையும் மூடணும்.

நேத்து என் முறை. விளக்கை அணைச்சேன். திருகை மூட மனசு வரல. பாவம் செடி, ராத்திரி பட்டினி கிடக்குமேன்னு விட்டுட்டேன்.

இன்னிக்குக் காலையில மீனெல்லாம் மேல வந்து வாயை வாயைத் திறக்குது.

“பசிடா! தீனி போடு”ன்னா சுருட்டை. என் பக்கத்துல உக்கார்ற பொண்ணு.

“போடாத! குப்பியைப் பாரு!”ன்னேன் நான்.

தொட்டிக்குள்ள ஒட்டியிருக்கிற கண்ணாடிக் குப்பியில இருக்கிற மருந்துத் தண்ணி பச்சையா இருந்தா காஸ் சரி. மஞ்சளானா அதிகம். இன்னிக்கு எலுமிச்சம்பழம் மாதிரி மஞ்சள்!

அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. இருட்டுல செடி காஸை எடுத்துக்காது. எல்லாம் தண்ணியிலேயே தங்கிடுச்சு. மீனுக்கு மூச்சு முட்டுது.

திருகை இறுக்கி மூடினேன். டம்ளர்ல தொட்டித் தண்ணியை மொண்டு, உசரத்துல இருந்து திரும்ப ஊத்தினேன்.

“காஸ் வெளிய போகணும், காத்து உள்ள போகணும். நீயும் ஊத்து!”

“சட்டையெல்லாம் நனையுதுடா!”

“சட்டை காயும். மீன் போனா வருமா?”

டீச்சர் வந்தாங்க. “யாரு இங்க குளிக்கிறது? திருகை யாரு மூடல?”

“அது தானாவே திறந்திருக்கும் டீச்சர்”னு சுருட்டை எனக்காக ஒரு பொய்யை அவுத்து விட்டா.

நான் வாயைத் திறக்கலைன்னா யாருக்கும் தெரியாது. ஆனா டம்ளரைக் கீழ வெச்சுட்டு டீச்சர் முன்னால போய் நின்னேன்.

“நான்தான் டீச்சர். செடிக்குப் பசிக்கும்னு நினைச்சேன்.”

வகுப்பே சிரிச்சுது. டீச்சர் சிரிக்கல. “பன்னெண்டும் இருக்கா? எண்ணு.”

எண்ணினேன். பதினொண்ணுதான்! மறுபடி எண்ணினேன். பதினொண்ணு. கண்ணுல தண்ணி முட்டுது. அப்ப இலைக்குப் பின்னால இருந்து ஒருத்தர் வாலை ஆட்டிக்கிட்டு மெதுவா வர்றாரு.

“பன்னெண்டு!”

“இனிமே திருகை மூடாம விடுவியா?”

“செத்தாலும் விட மாட்டேன் டீச்சர்.”

“அப்ப இந்த மாசம் முழுக்க நீயே பாத்துக்கோ”ன்னு பலகையில என் பேரை எழுதினாங்க. இந்த ஊர்ல என் பேர் பலகையில ஏறினது இதான் முதல் தடவை. முதுகு தானா நிமிர்ந்துச்சு.

அங்க நம்ம பழைய வீட்டுல இதைப் படிக்கிறது யாரா இருந்தாலும், அப்பா வேலை முடிஞ்சு வந்ததும் அவருக்குச் சத்தமா படிச்சுக் காட்டுங்க. பன்னெண்டுன்னு வர்ற இடத்துல மட்டும் கொஞ்சம் நிறுத்திப் படிங்க.