பாரதிக்குப் போட்ட சாக்கு

செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் மைதானத்துக்குப் பிரபா வந்து சேர்ந்தபோது வெயில் இன்னும் தாழவில்லை. மேடைக்குக் கம்பு நட்டு, பாதிக்குத் துணி கட்டியிருந்தார்கள். ஜெனரேட்டர் வண்டிக்குப் பக்கத்தில் இரண்டு பேர் வயர் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கலைநிகழ்ச்சி தொடங்க விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிடும். அதுவரைக்கும் வீட்டில் இருந்துவிட்டு ஆடி அசைந்து வருகிறவர்களுக்கு இந்த ஊரில் மேடை தெரியாது, முன்னால் இருப்பவர்களின் கொண்டைதான் தெரியும்.

அதனால் வீட்டுக்கு ஒரு ஆள் முன்கூட்டியே வந்து இடம் பிடித்தாக வேண்டும். மற்ற ஊர்களில் துண்டு போடுவார்கள், பாய் விரிப்பார்கள். இங்கே பொம்மைக் கம்பெனியில் வேலை செய்கிற ஜனம், களிமண் மாவு வந்த சாக்கைப் பிரித்து விரிக்கும். ஆளுக்கு ஒரு சாக்கு. நிகழ்ச்சி முடிந்து எழுந்து போகும்போது எல்லோருக்கும் பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கும், அதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. யாராவது வந்து இங்கே யார் என்று கேட்டால் ஒரு பேரைச் சொல்ல வேண்டும். பேர் சொல்லிவிட்டால் அந்தச் சாக்கில் வேறு ஆள் கால் வைக்காது. சொல்கிற பேரில் பாதி பொய் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் யாரும் துருவ மாட்டார்கள்.

பிரபா மூன்று சாக்கு விரித்தாள். அவளுக்கு ஒன்று, சூளையில் ஷிப்ட் முடிந்து வரப்போகும் புருஷன் பழமலைநாதனுக்கு ஒன்று, ஆறு வயது மகள் அமுதாவுக்கு ஒன்று. கை பாட்டுக்கு நான்காவதையும் எடுத்து விரித்துவிட்டது. மூலைக்கு மூலை செங்கல் துண்டு வைத்து நிமிர்ந்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைத்தது. அது தங்கச்சி பாரதிக்கு எப்போதும் போடுகிற இடம். பாரதி போன ஐப்பசியில் செத்துப் போயிருந்தாள்.

எடுத்துவிடலாம் என்றுதான் குனிந்தாள். மனசு வரவில்லை. பிள்ளை கால் நீட்டிக்கொள்ளட்டும் என்று தனக்கே ஒரு சாக்குப்போக்குச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அக்காளும் தங்கையும் பார்க்காத நிகழ்ச்சி இந்தப் பக்கத்தில் இல்லை. சேத்தியாத்தோப்புக்கு நாடகம் பார்க்கப் போய்க் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, நெல் ஏற்றி வந்த டிராக்டரில் மூட்டை மேல் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். வேப்பூரில் மெல்லிசைக் கச்சேரியின்போது மழை பிடித்துக்கொண்டது. ஜனமெல்லாம் ஓடியது. பாரதி மட்டும் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நகராமல் இருந்தாள், அவள் ஒருத்திக்காகப் பாடகர் இன்னொரு பாட்டுப் பாடினார். நகைச்சுவை என்றால் கேட்கவே வேண்டாம். மேடையில் இருப்பவர் முடிக்கும் முன்பே அவளுக்கு விளங்கிவிடும். விக்கல் வந்தவளைப் போல ஒரு தரம் மூச்சை உள்ளே இழுப்பாள். அப்புறம் வெடிப்பாள். அவள் சிரித்த பிறகுதான் கூட்டம் சிரிக்கும். ஒரு மிமிக்ரிக்காரர் மேடை விளிம்புக்கே வந்து, இந்தம்மாவைத் தினமும் அனுப்பி வைத்தால் என் சம்பளத்தில் பாதி கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னார். பாதியில் எழுந்து போவது மட்டும் அவளுக்கு ஆகாது. நன்றி சொல்லி விளக்கை அணைத்த பிறகும், இன்னும் கொஞ்சம் இருக்கலாம் என்று அக்காளின் கையைப் பிடித்து இழுப்பாள்.

அமுதா பிறந்த பிறகு பாரதி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டுதான் எதையும் பார்த்தாள். மஞ்சள் காமாலை முற்றிக் கிடந்த நாட்களில், கீழாநெல்லி அரைத்துக் கலக்கிய மோரை முகம் சுளித்துக் குடித்துவிட்டு, அடுத்த கச்சேரிக்குப் பிள்ளையைத் தன்னோடு அனுப்ப வேண்டும் என்பாள். பிரபாவும் சரி சரி என்று தலையாட்டினாள். சாகப்போகிறவளிடம் வேறு என்ன சொல்வது?

பொழுது சாய்ந்ததும் கூட்டம் சேர்ந்தது. பக்கத்து வீட்டுப் பதுருன்னிசா, அமுதாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து பிரபாவின் வலதுபக்கம் தன் சாக்கைப் போட்டாள். அவள் வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார், பண்டிகையோ கச்சேரியோ அவளுக்குப் பிரபாதான் துணை. அமுதா அம்மாவைத் தாண்டி இடதுபக்கம் போய், காலியாக இருந்த நான்காவது சாக்கை ஒட்டித் தன் சாக்கில் உட்கார்ந்தது. பழமலைநாதனுக்குப் போட்ட சாக்கில் கூடையையும் செருப்பையும் வைத்திருந்தாள் பிரபா.

அப்போதுதான் பெரியம்மாள் வந்தாள். வேப்பூருக்கு அந்தப் பக்கத்து மங்களூர்க்காரி, போன மாதம் பிரபா வேலை செய்யும் கம்பெனியில் சேர்ந்தவள். பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கிற இடத்தில் ஃபேனுக்குக் கீழே யார் உட்காருவது என்பதில் இரண்டு பேருக்கும் ஏற்கெனவே முட்டிக்கொண்டிருந்தது.

அந்த நான்காவது சாக்கைக் காட்டி, "இது சும்மாதான இருக்குது?" என்றாள்.

"இல்ல, ஆளு வருது."

"யாரு வராங்க?"

"என் தங்கச்சி. பாரதி."

வாயில் வந்த முதல் பேர் அதுதான். பெரியம்மாளுக்கு விஷயம் தெரியாது. சரி வரட்டும் என்று சொல்லி, அந்தச் சாக்குக்கு நேர் பின்னால் முந்தானையை உதறிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

பதுருன்னிசாவின் முகம் மாறிவிட்டது. பிரபாவின் காதருகே குனிந்தாள்.

"மௌத்தானவங்க பேரச் சொல்லி இடம் புடிக்கலாமா பிரபா? அந்தச் சாக்க எடுத்துடு."

எடுத்தால் பெரியம்மாளுக்குப் பொய் தெரிந்துவிடும். அப்புறம் அடுத்த பொங்கல் வரைக்கும் கம்பெனியில் இதையே சொல்லிச் சிரிப்பாள். அந்த ரோஷத்தில் பிரபா சாக்கை எடுக்காமல் விட்டுவிட்டாள். கெட்டது அங்கேதான்.

விளக்குப் போட்டார்கள். இரண்டு பாட்டு முடிந்தது. கூட்டம் நெருக்கியடித்தது, தாண்டிப் போகிறவர்கள் ஆள் மேலேயே கால் வைத்துப் போனார்கள். ஆனால் நான்காவது சாக்கை மட்டும் எல்லோரும் சுற்றிக்கொண்டு போனார்கள். கம்பூன்றி வந்த ஒரு பெரியவர் அந்தச் சாக்கின் ஓரமாக நின்று, "கொஞ்சம் நகந்துக்கம்மா" என்றார்.

அமுதாவைத்தான் சொன்னார் என்று பிரபா நினைத்துக்கொண்டாள்.

சுண்டல்காரி கூடையோடு வந்து நின்றாள். பிரபா மூன்று பொட்டலம் கேட்டாள். அவள் பார்வை இடதுபக்கம் போய்த் திரும்பியது. அந்தப் பொண்ணுக்கு வேணாமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் நகர்ந்துவிட்டாள்.

சுண்டல் வாசனையோடு வேறொன்றும் வந்தது. பச்சையாக, கசப்பாக.

அரைத்த கீழாநெல்லி.

மேடையில் நகைச்சுவைக்காரர் மைக்கைப் பிடித்தார். மாமியாரும் மருமகளும் ஒரே செல்போனுக்கு அடித்துக்கொள்கிற கதை. கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. அவர் இன்னும் முடிக்கவில்லை.

இடதுபக்கம் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

பிறகு சிரிப்பு.

பிறகுதான் கூட்டம் சிரித்தது.

பிரபா திரும்பவில்லை. திரும்பப் பயமாக இருந்தது. கையிலிருந்த பொட்டலம் மடியில் கவிழ்ந்ததுகூடத் தெரியாமல், மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஜோக்குக்கும் அதே மூச்சு. அதற்கடுத்ததற்கும். இப்போது கூடவே அமுதாவும் சிரித்தது.

கடைசியில் கழுத்தைத் திருப்பினாள்.

அமுதா பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. கால் தன் சாக்கில் இருந்தது. தலை நான்காவது சாக்குக்கு மேல், தரைக்கு ஒரு சாண் உயரத்தில் நின்றது.

அடியில் ஒன்றும் இல்லை.

சாக்கு மட்டும் நடுவில் அமுங்கியிருந்தது.

"அமுதா, எழுந்திரு." என்றாள் பிரபா.

"சித்தி மடியில படுத்திருக்கேன்மா."

"சித்தி எங்கடி இருக்குது?"

"நீதான வரச்சொன்னியாம். முடிஞ்சதும் என்னைய கூட்டிக்கினு போறேன்னு சொல்லுச்சு. நீயும் அன்னிக்கே சரின்னுட்டியாம்."

பிரபா பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னொரு கையால் சாக்கின் நுனியைப் பற்றி உருவினாள். ஆள் உட்கார்ந்திருக்கிற சாக்கு எப்படி வரும்?

"பாரதி, எம் புள்ளைய வுட்டுடுடீ."

சிரிப்பு நின்றுவிட்டது.

மைதானமே குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தது. அவளுடைய இடதுபக்கத்தில் மட்டும் சத்தமே இல்லை. அந்த அமைதி சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

பதுருன்னிசா ஏதோ ஓதியபடி பிரபாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"நீ சொல்லித்தான வந்துச்சு? அந்தம்மாகிட்ட சொன்னது பொய்யின்னு நீயே சொல்லு. இடத்த அவங்களுக்குக் குடுத்துடு."

பிரபா பின்னால் திரும்பினாள். ரோஷம், மானம் எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. பெரியம்மாளின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் பொய் சொல்லிட்டேன். யாரும் வரல. என் தங்கச்சி செத்துப் போயிட்டா. நீங்க வந்து குந்துங்க."

பெரியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கேலி செய்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும், குரலில் கோபம் இருந்தது.

"என்னா வெளையாடுறியா? இவ்ளோ நேரம் அந்தப் பொண்ணு முதுகுதான் மேடைய மறைச்சிக்கிட்டு இருந்துச்சு. இப்பதான் எழுந்து போவுது, உம் புள்ளையக் கையில புடிச்சிக்கினு."

பிள்ளையின் சாக்கும் நான்காவது சாக்கும் காலியாகக் கிடந்தன.

அதற்குப் பிறகு பிரபா யாரை மிதித்தாள், யாரைத் தள்ளினாள் என்று அவளுக்கே நினைவில்லை. பிள்ளையின் பேரைக் கத்திக்கொண்டு ஓடினாள். மேடை ஸ்பீக்கரின் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மைதானத்தின் கடைசியில், ஓட்டை உடைசல் பொம்மைகளைக் கொட்டி வைத்திருக்கும் மேட்டுக்குப் பக்கத்தில், பழமலைநாதன் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். ஷிப்ட் முடிந்து வந்தவன் எதிரில் பார்த்திருக்கிறான். பிள்ளை தனியாகத்தான் நடந்து வந்ததாம். ஆனால் வலது கையை மேலே தூக்கி வைத்திருந்ததாம், பெரியவர்கள் கையைப் பிடித்து நடக்கும்போது வைப்பதுபோல.

"தூக்கினேன், வரல பிரபா. அந்தப் பக்கம் யாரோ இழுக்குற மாதிரி இருந்துச்சு. பட்டுன்னு வுட்டாங்க, நான் புள்ளையோட மல்லாந்து வுழுந்தேன்." உலைச் சூட்டில் நாள் முழுக்க நிற்கிறவன், பல் தந்தியடிக்கப் பேசினான்.

அந்த நான்கு சாக்கையும் எடுக்க அவர்கள் போகவில்லை.

மறுநாள் பிரபா வேலைக்கும் போகவில்லை. குழந்தையை ஸ்கூலுக்கும் அனுப்பவில்லை. காலையிலேயே லாரி வந்து மேடைச் சாமான், மைக் செட்டு, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. வீட்டு வாசலில் நின்று லாரி திரும்புகிற வரைக்கும் பார்த்த பிறகுதான் அவளுக்கு ஒரு வாய் டீ இறங்கியது. அமுதா பகலெல்லாம் விளையாடியது, கேட்டதைச் சாப்பிட்டது. பதுருன்னிசா ஓதிய தண்ணீர் வாங்கி வந்து தெளித்துவிட்டு, பொய்யை ஒத்துக்கொண்டாய் அல்லவா, இனி வராது என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனாள். பிரபாவும் நம்பினாள். நம்பாமல் எப்படி அந்த வீட்டில் இருப்பது?

பொழுது சாய்கிற நேரத்துக்கு அமுதா முகம் கழுவிக்கொண்டு வந்து நின்றது. பீரோவிலிருந்து பிறந்தநாளுக்கு எடுத்த கவுனை எடுத்துப் போட்டுவிடச் சொன்னது.

"எங்கடி கெளம்பற?"

"சித்தி எனக்கு இடம் புடிச்சி வச்சிருக்குதும்மா. அங்க இருக்கறவங்க யாரு வராங்கன்னு கேட்டாங்களாம்." குழந்தை கவுனின் கைக்குள் கையை நுழைத்துக்கொண்டே சொன்னது. "சித்தி எம் பேரச் சொல்லிடுச்சாம்."

பழமலைநாதன் ஓடிப்போய்க் கதவைத் தாழ் போட்டான். பிரபா பிள்ளையை இழுத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். மூன்று பேரும் அப்படியே நின்றார்கள்.

ஒன்றுமில்லாத மைதானத்தின் பக்கத்திலிருந்து, யாரோ மைக்கைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.